பினாயில் வேண்டாம்: பூனை மூத்திர வாடையை வீட்டுச் சாமான்களால் போக்கும் முறை

பூனை மூத்திரம் போன இடத்தில் பினாயில் ஊற்றாதீர்கள். எங்கள் தெருவில் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். பினாயில் அந்த வாடையை எடுப்பதில்லை, அதன் மேல் இன்னொரு வாடையைப் போடுகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கருப்பு பினாயிலில் இருக்கிற ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாமும் நாயும் தாங்குகிற அளவைப் பூனை தாங்காது. துடைத்த தரையில் நடக்கும், அப்புறம் ஒரு மூலையில் உட்கார்ந்து பாதத்தை நக்கும். அதுவே உடம்புக்குள் போகப் போதும். தண்ணீரில் ஊற்றியதும் பாலாக வெளுக்கிற கிருமிநாசினிகளையும் பூனை உள்ள வீட்டில் நான் சேர்ப்பதில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். கும்பகோணத்தில் முற்றம் வைத்த பழைய வீடு எங்களுடையது. கருப்பன், சிட்டு என்று இரண்டு பூனைகள் எங்களோடு இருக்கின்றன. இவை போக, தெருவில் ஒரு கடுவன் பூனை உண்டு. தடியன் என்று பெயர். முற்றத்து ஓட்டு வழியாக இறங்கி, ரேழியில், அதாவது வாசலை அடுத்த நடையில், செருப்பு வைக்கிற இடத்தில் பீய்ச்சிவிட்டுப் போவது அவன் வழக்கம். அதனால் இந்த வேலை எனக்கு நன்றாகப் பழகிப்போனது. வாடை தாங்க முடியாமல், வளர்த்த பூனையைக் கோணியில் கட்டிக் கொண்டுபோய்க் காவிரிக் கரையில் விட்டுவிட்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஆறாது. போக்க முடியாத வாடை இல்லை இது. முறை தெரிந்தால் போய்விடும். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். கிடைக்கிற கொஞ்சத் தண்ணீரை வீணாக்காமல், கழிவை மிகக் கெட்டியாக்கி வெளியே தள்ளுகிற சிறுநீரகம் அவற்றுக்கு. வீட்டுப் பூனைக்கும் அதே சிறுநீரகம்தான். அளவு கொஞ்சம், வீரியம் அதிகம்.

அதில் நமக்குத் தொல்லை தருகிறவை மூன்று. முதலாவது யூரியா. பாக்டீரியாக்கள் இதைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும். மூக்கில் சுருக்கென்று ஏறுகிற வாடை அது. இரண்டாவது யூரிக் அமிலம். இது தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 60 மில்லிகிராம்தான் கரையும். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் துணி இழையிலும் சிமெண்ட் துளையிலும் அது உப்பாகப் படிந்து நிற்பது இதனால்தான். மூன்றாவது ஃபெலினைன். கந்தகம் உள்ள ஓர் அமினோ அமிலம் இது. பூனைச் சிறுநீரில் இது நிறைய, அதிலும் காயடிக்காத கடுவனிடம் மிக நிறைய. புதிதாகப் போகும்போது இதற்கு வாடை அவ்வளவாக இல்லை. நேரம் ஆக ஆகச் சிதைந்து, கந்தகம் உள்ள தயால் வகைப் பொருளாக மாறும். ‘பூனை நாத்தம்’ என்று நாம் மூக்கைப் பொத்துவது அதற்காகத்தான்.

ஆக ஒரே சாமானால் மூன்றையும் தீர்க்க முடியாது. அம்மோனியாவுக்குப் புளிப்பு, அதாவது அமிலம் வேண்டும். யூரிக் அமிலத்துக்குக் காரம் வேண்டும். மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான சோடா வகை. கந்தகத்துக்கு ஆக்சிஜன் கொடுக்கிற ஒன்று வேண்டும். மூன்றும் மளிகைக் கடையிலும் மருந்துக்கடையிலும் கிடைக்கின்றன: வெள்ளை வினிகர், சமையல் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு. இவற்றை எந்த வரிசையில், எந்த இடத்தில் போடுவது என்பதுதான் விஷயம்.

எல்லாரும் சொல்கிற ஒரு குறிப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்று, பொங்கும், நாற்றம் போய்விடும் என்பார்கள். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால், கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். இரண்டும் தனித்தனியாக நல்ல சாமான்கள். சேர்த்தால் இரண்டும் வீண். முதலில் ஒன்று, அதை ஒற்றி எடுத்த பிறகு மற்றது.

இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வீட்டில் இருப்பவர்களுக்கு மூக்கு பழகிப்போகும். காலையில் வெளியே போய்விட்டு வாசலுக்குள் நுழைகிற அந்த முதல் நிமிஷத்தில்தான் வாடை சரியாகத் தெரியும். அந்த நேரத்தில் குனிந்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் முகர்ந்து பாருங்கள். கடுவன் பீய்ச்சுவது தரையில் இல்லை. கதவு, பீரோ, ஸ்கூட்டர், சுவர் மூலை என்று நிற்கிற பொருளின் மேல் வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு பின்னோக்கி அடிக்கும். மேலே பட்டது கோடாக வழிந்து கீழே இறங்கியிருக்கும். தரையை மட்டும் கழுவுகிறவர்கள் இந்தக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

கள்ள நோட்டு பார்க்க ஜவுளிக் கடையில் வைத்திருக்கிற ஊதா விளக்கு போல, கையடக்கமான யுவி டார்ச் விற்கிறார்கள். விலை அதிகம் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதை அடித்துப் பார்த்தால் காய்ந்த மூத்திரம் மஞ்சளும் பச்சையுமாக மங்கலாக ஒளிரும். சலவைத்தூள் பட்ட துணியும் வெள்ளைத் தாளும்கூட ஒளிரும் என்பதால், விளக்கு காட்டிய இடத்தை மூக்கால் உறுதி செய்துகொள்ளுங்கள். கண்டுபிடித்ததும் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். விளக்கைப் போட்டதும் எங்கே என்று தெரியாமல் போய்விடும்.

ஈரமாக இருக்கும்போதே கிடைத்தால்

அது அதிர்ஷ்டம். தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஓரத்துக்குப் பரவும், அடிக்கும் இறங்கும். பழைய பருத்தி வேட்டியையோ துண்டையோ நாலாக மடித்துப் போட்டு, மேலே ஏறி நின்று அழுத்துங்கள். துணி நனைந்ததும் காய்ந்த பக்கம் மாற்றி மறுபடி. இனி எதுவும் வராது என்கிறவரை ஒற்றுங்கள். பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி இன்னொரு முறை ஒற்றினால் முக்கால்வாசி அப்போதே வெளியே வந்துவிடும். ஃபெலினைன் சிதைந்து நாற்றமாக மாறுவதற்குள் எடுத்துவிடுகிறோம் இல்லையா, பிற்பாடு செய்கிற எந்த வைத்தியமும் இதற்கு ஈடாகாது.

என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், விறகடுப்பு இருந்த நாளில் சாம்பலை அள்ளிக் கொட்டிவிடுவார். காய்ந்ததும் முறத்தில் வாரி, சாம்பலைக் கொல்லையில் போடுவார். சாம்பல் ஈரத்தை இழுக்கும். அதில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் நல்ல காரம். வேதியியல் படிக்காமலே அத்தை சரியான பொருளைத்தான் எடுத்திருக்கிறார். இப்போது சாம்பல் கிடைக்காத வீட்டில் மணலோ, தச்சுப் பட்டறை மரத்தூளோ, சமையல் சோடாவோ தூவலாம். சுண்ணாம்புத் தூள் மட்டும் வேண்டாம். பூனையின் பாதத்தையும் வாயையும் அது பொத்துப்போகச் செய்யும்.

வெந்நீர் வேண்டாம். ஸ்டீம் போடுகிற கருவியும், அந்தத் துணிக்கு இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். சூடு பட்டால் மூத்திரத்தில் உள்ள புரதம் இழையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கறையை எடுப்பது பெரும்பாடு.

காய்ந்து போன பழைய இடம்

ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் ஊர் வீடுகளில் பழைய வாடை எல்லாம் எழுந்துவிடும். கோடையில் சுத்தமாக இருப்பது போலத் தெரிந்த ரேழி திடீரென்று நாறும். அது புதிய மூத்திரம் இல்லை. படிந்து கிடக்கிற பழைய உப்பு காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு மறுபடி வாடையைக் கிளப்புகிறது. ‘போன வருஷமே கழுவிட்டேனே’ என்று சலித்துக்கொள்வார்கள். தண்ணீரால் கழுவியிருப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் வினிகர். கடையில் கிடைக்கிற சாதாரண வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, இடம் நன்றாக ஊறும்படி ஊற்றுங்கள். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். மேலாகத் தெளித்துத் துடைத்துவிட்டு ‘வினிகர் வேலை செய்யலை’ என்பவர்களே அதிகம். கால் மணி நேரம் விட்டு, ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றி, காய விடுங்கள். அம்மோனியா வினிகரின் அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாகிவிடும். வினிகர் வாடை கொஞ்சம் இருக்கும். காய்ந்தால் போய்விடும்.

அடுத்த நாள் பெராக்சைடு கலவை. இதை நன்றாகக் கவனியுங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் காயம் கழுவ என்று விற்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். சீட்டில் 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். நமக்கு வேண்டியது 3 சதவீதம். ஆகவே சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படி 3 சதவீதமாக்கியதில் ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும், பாத்திரம் கழுவுகிற சோப்பு நீர் சில சொட்டும் போட்டுக் கலக்குங்கள். சோடா காரத்தைத் தருகிறது. அதில் யூரிக் அமிலம் வெறும் தண்ணீரில் கரைவதைவிட நன்றாகக் கரையும். பெராக்சைடு கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்து வாடையில்லாத, தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றுகிறது. சோப்பு, இந்த இரண்டையும் இழைக்குள் இறங்க வைக்கிறது.

இந்தச் சேர்மானம் என் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்கங்க் என்று அமெரிக்காவில் ஒரு விலங்கு உண்டு. எதிரி மேல் அது பீய்ச்சுகிற நாற்றமும் கந்தகம் சேர்ந்த தயால்தான். பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் அதற்காக இந்தக் கலவையை 1993இல் வெளியிட்டார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆக்சிஜனேற்றம் நடத்தும்போது இதைத்தான் உதாரணம் சொல்வேன். உடனே பின் பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும்.

கலந்த உடனே ஊற்றிவிட வேண்டும். நேரம் ஆனால் வீரியம் போய்விடும். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்கவே கூடாது. ஆக்சிஜன் வாயு வந்துகொண்டே இருக்கும், மூடின பாட்டில் வெடிக்கும். அதனால் திறந்த கிண்ணத்தில், தேவையான அளவு மட்டும். ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனையை வேறு அறையில் அடைத்து வையுங்கள். ஊற்றி அரை மணி நேரம் ஈரமாகவே இருக்கட்டும். சீக்கிரம் காய்ந்துவிடும் போலிருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போட்டு வைக்கலாம். அப்புறம் தண்ணீர் விட்டு ஒற்றிக் காய வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் முகர வேண்டும். ஈரத்தில் முகர்ந்தால் வாடை இன்னும் இருப்பது போலத்தான் தெரியும். பழைய இடங்களுக்கு இதையே மறுபடியும் செய்ய வேண்டியிருக்கலாம். ஒரே தடவையில் போகவில்லையே என்று கைவிடாதீர்கள்.

பெராக்சைடு வெளுக்கிற சாமான். சாயம் போகிற துணி, கறுத்த மரம், பட்டு, கம்பளி இவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. பட்டுப் புடவை என்றால் சோதனையும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அலசி, நிழலில் உலர்த்துவதோடு சரி.

தரைக்குத் தரை வேறு

இங்கேதான் வெளிநாட்டுக் குறிப்புகள் நமக்குப் பொருந்துவதில்லை. அவர்களுக்குக் கவலையெல்லாம் கம்பளம் விரித்த தரை. நமக்கு சிவப்பு சிமெண்ட் தரை, ஆத்தங்குடி கல், மொசைக், கடப்பாக் கல். இவை அத்தனையிலும் வினிகரும் எலுமிச்சையும் ஆகாது. சிமெண்ட்டும் சுண்ணாம்புக் கல்லும் புளிப்பு பட்டால் அரிக்கும். கடப்பாக் கல்லில் வினிகர் நின்ற இடம் வெளுத்து நிற்கும், பிறகு எந்த எண்ணெய் தேய்த்தாலும் ஒன்றாகத் தெரியாது. பளிங்குக்கும் இதே விதி. இந்தத் தரைகளில் வினிகரை விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, நேராகச் சோடாவும் பெராக்சைடும் கலந்த கலவைக்குப் போங்கள். மெழுகு போட்ட தரையாக இருந்தால் பளபளப்பு கொஞ்சம் மங்கலாம். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு கை துடைத்தால் போதும்.

பளபளப்பான வெட்ரிஃபைடு டைல்ஸ் ஒன்றையும் குடிக்காது. அங்கே குற்றவாளி டைல்ஸ் இடுக்கில் இருக்கிற வெள்ளை சிமெண்ட். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, கலவையில் தோய்த்து, இடுக்கை மட்டும் தேயுங்கள். நிறைய வீடுகளில் இது ஒன்றே பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

சுவர் என்றால் கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து வழிய விட்டால் சுத்தமாக இருந்த பகுதியும் நனையும். டிஸ்டெம்பர் அடித்த சுவர் உரிந்து வந்துவிடும். அதற்கு வருத்தப்படாமல் அந்த இடத்தைச் சுரண்டி, கலவையைத் தடவி, நன்றாகக் காய்ந்த பின் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசிவிடுங்கள். காயாமல் பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் மழைக்காலத்தில் பெயின்டைத் தள்ளும்.

நிலைப்படி, கதவு, கட்டில் கால் போன்ற மரச்சாமான்களை ஊற வைக்கக் கூடாது. வினிகர் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் வெறும் தண்ணீர்த் துணி, அப்புறம் காய்ந்த துணி. விரிசல் இருந்தால் சோடாவைக் குழைத்து அதில் அடைத்து ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். பாலிஷ் போன பழைய மரம் ஆழமாகக் குடித்திருந்தால் வாடை முழுக்கப் போகாது. உப்புத்தாள் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடிப்பதுதான் வழி.

மெத்தையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இலவம்பஞ்சு மெத்தையில் எதையும் ஊற்றாதீர்கள். பஞ்சு கட்டியாகிவிடும். ஓரத் தையலைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தை வெயிலில் பரப்பி, உறையைத் துவைத்து, மெத்தை தைக்கிறவரிடம் கொடுத்துத் திரும்ப அடைத்து வாங்குங்கள். செலவு கொஞ்சம், பலன் முழுசு. ஃபோம் மெத்தைக்கும் சோபாவுக்கும் இந்த வழி இல்லை. அவற்றில் கலவையை ஊற்றி, காய்ந்த துண்டால் அழுத்தி அழுத்தி எடுத்து, மின்விசிறியின் கீழ் நிறுத்திக் காய வைக்க வேண்டும். எதிர்வீட்டு மாமி சோபாவுக்கு இப்படிச் செய்தோம். மேல்துணியை மட்டும் நனைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஜிப்பைத் திறந்து உள்ளே இருந்த ஃபோமை வெளியே எடுத்து நனைத்த பிறகுதான் வாடை விட்டது. இருக்கைக்கு அடியில் உள்ள பலகையையும் துடைக்க மறக்காதீர்கள்.

துவைக்கிற துணி சுலபம். ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்து, பிழிந்து, அப்புறம் சலவைத்தூளோடு ஒரு கரண்டி சமையல் சோடா சேர்த்துத் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். கோரைப் பாயையும் இதே வினிகர் தண்ணீரால் இரண்டு பக்கமும் துடைத்து வெயிலில் நிறுத்தலாம். வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கிற பெரிய மருந்து. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போட்டு, நல்ல வெயில் அடிக்கிற நாளில் செய்வது மேல்.

அரிசி மூட்டை, பருப்புப் பை என்றால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். கழுவிப் பயன்படுத்துவது வேண்டாம்.

பலன் இல்லாதவை, ஆபத்தானவை

சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே, காப்பித்தூள் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மூக்கை ஏமாற்றும். பூனையின் மூக்கை அவை ஏமாற்றாது. அதன் மோப்பம் நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. தன் வாடை மிச்சம் இருக்கிற இடத்துக்கே அது திரும்ப வரும். பிரச்சினை தீராமல் தொடர்வது பெரும்பாலும் இதனால்தான். கண்ணாடி துடைக்கிற திரவங்களில் அம்மோனியா இருந்தால் அவையும் பூனைக்கு ‘இங்கே ஏற்கனவே யாரோ போயிருக்கிறார்கள்’ என்று சொல்வது போலாகும். அடுப்புக்கரியை உடைத்து மூலையில் ஒரு கிண்ணத்தில் வைக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது காற்றில் உள்ளதைக் கொஞ்சம் இழுக்கும், தரையில் உள்ளதைத் தொடாது.

எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு மூன்று மாதம் ஊற வைக்கிற பயோ என்சைமைப் பலர் இப்போது வீட்டிலேயே செய்கிறார்கள். நல்ல பழக்கம். குப்பையும் குறைகிறது. ஆனால் மூத்திர வாடைக்கு அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். அதில் வேலை செய்வது முக்கியமாகப் புளித்து வந்த அசிட்டிக் அமிலம்தான், அதாவது வினிகர் செய்கிற வேலையையே செய்யும். கடப்பாக் கல்லுக்கும் சிமெண்ட் தரைக்கும் அதே எச்சரிக்கை. எலுமிச்சைத் தோல் எண்ணெய் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், கழுவிய பிறகு தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிடுங்கள். பூனைக் கழிவுக்கு என்றே விற்கிற என்சைம் திரவம் வேறு. அது கிடைத்தால், பெராக்சைடு போட முடியாத சாயத் துணிக்கு வாங்கலாம். அதை ஊற்றும் முன் வேறு எந்தக் கிருமிநாசினியும் அங்கே இருக்கக் கூடாது, இருந்தால் என்சைம் செத்துவிடும்.

இனி நான் சொல்வதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். மூத்திரம் போன இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். அதில் உள்ள குளோரின், மூத்திர அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு வரும். கண் எரியும், தொண்டை அடைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ கழிவறை ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயுவே வெளிவரும். சன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாத்திரத்தில் கலப்பதும் கூடாது. தோலையும் மூச்சுக்குழாயையும் அரிக்கிற பெர் அசிட்டிக் அமிலம் உண்டாகும். வினிகர் ஒரு நாள், பெராக்சைடு மறுநாள் என்று நான் பிரித்துச் சொன்னது இதற்காகவும்தான்.

பூனை வராமல் இருக்க மிளகாய்ப்பொடி தூவுவார்கள். பாதத்தில் பட்டு, நக்கி, கண்ணைத் துடைத்து அது படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் தூவ மாட்டார்கள். பாச்சை உருண்டை, நீலகிரித் தைலம், கற்பூரம் எல்லாம் பூனைக்கு நஞ்சு. இவற்றில் எதுவும் வேண்டாம்.

ஏன் அங்கே போகிறது

கழுவுவதோடு இதையும் பார்த்தால்தான் திரும்பத் திரும்பத் துடைக்காமல் இருக்கலாம். நின்று பீய்ச்சுகிற கடுவனுக்கு மருந்து கருத்தடை அறுவை சிகிச்சைதான். ஐந்தாறு மாதத்தில், பீய்ச்சப் பழகும் முன்பே செய்துவிட்டால் மிக நல்லது. பழகிய பிறகு செய்தாலும் பெரும்பாலான கடுவன்கள் நிறுத்திவிடும், நாற்றத்தின் வீரியமும் குறையும். தடியனையும் பிடித்துக் கொண்டுபோய்ச் செய்துவிட்டோம். இப்போதும் முற்றத்து வழியாக வருகிறான், தயிர்சாதம் சாப்பிடுகிறான், ரேழி உலர்ந்து கிடக்கிறது.

உட்கார்ந்து போகிற பூனை இடம் மாற்றிப் போனால், அதன் மண்தட்டைப் பாருங்கள். தினமும் அள்ளாத தட்டில் பூனை போகாது. எத்தனை பூனையோ அத்தனைக்கு ஒன்று கூடுதலாகத் தட்டு வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும், வாஷிங் மெஷின் சத்தம் போடுகிற இடத்திலும் தட்டை வைக்கக் கூடாது. பல பூனைகளுக்கு வாசனை சேர்த்த கடை மணல் பிடிப்பதில்லை. சிட்டு அப்படித்தான். சலித்த சாதா மணலுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. தட்டைக் கழுவும்போதும் பினாயில் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று படுக்கையிலோ குளியலறையிலோ சொட்டுச் சொட்டாகப் போனால் அதைக் குறும்பு என்று அடிக்காதீர்கள். சிறுநீர்ப்பையில் எரிச்சலோ கல்லோ இருக்கலாம். குறிப்பாகக் கடுவன் அடிக்கடி தட்டுக்குப் போய் முக்கி, ஒன்றும் வராமல் கத்தினால், மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது வலிக்கு என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.